ஃபினாயில் ருசி

"குடிக்க வேணாம் தம்பி. மோந்து மட்டும் பாருங்க."

சொன்னவர் எங்கள் தெருக்கோடி சொல்தா. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்தில், மெடல்களைக் குத்திக்கொண்டு விறைப்பாக நிற்பார்களே, அந்தப் பெரியவர்களில் ஒருவர். ஜிபூட்டி பாலைவனத்தில் சில வருஷங்கள், ஜெர்மனியில் சில வருஷங்கள். கடைசியில் சாரத்தில் ஒரு மாடி வீடு, இரண்டு தென்னை, ஒரு நாய். நாய்க்குப் பிரெஞ்சு மட்டும்தான் புரியும்.

மே மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம். கரன்ட் இல்லை. காமராஜர் சாலைப் பக்கமிருந்து ஹாரன் சத்தம். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி. அவர் கையில் பச்சை பாட்டில், வெள்ளை லேபிள். பாரிஸிலிருந்து வந்த மகள், விமான நிலையக் கடையில் வாங்கி வந்ததாம். சின்ன கிளாஸில் ஒரு விரல்கடை அளவுக்கு ஊற்றி நீட்டினார்.

மோந்து பார்த்தேன்.

"இன்னாங்க இது, ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது! டிங்ச்சரா?"

சொல்தா சிரித்தார். "முதல் தடவை எல்லாரும் அதான் சொல்வாங்க. இதுக்குப் பேர் லஃப்ராய்க். ஸ்காட்லாந்துல ஐலான்னு ஒரு தீவு. அங்க 1815-லேர்ந்து காய்ச்சறாங்க."

எனக்கு அப்போது 52 வயது. அதுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. இதைச் சொன்னால் சென்னை நண்பர்கள் நம்ப மாட்டார்கள். குடிக்காத புதுச்சேரிக்காரன் என்றால், அல்வா தின்னாத திருநெல்வேலிக்காரன் மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர் கண்ணடிப்பார், கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால்கூட, "வரும்போது ரெண்டு பாட்டில்..." என்று இழுப்பார். ஐம்பது வருஷமாக இந்தக் கண்ணடிப்பைத் தாங்கி வாழ்வதே ஒரு தவம்.

நான் குடிக்காததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. அப்பாதான் காரணம்.

அப்பா மில் தொழிலாளி. ஷிஃப்ட் முடிந்து மில் வாசலிலிருந்து வீட்டுக்கு நடந்தால் அரை மணி நேரம். நடுவில் ஒரு சாராயக்கடை. அரை மணி நேரம் மூன்று மணி நேரமாகும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா எங்களைத் தூங்கச் சொல்வாள். தூங்குவது மாதிரி நடிக்கச் சொல்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். அப்பா நேரே கிணற்றடிக்குப் போவார். சிவப்பு லைஃப்பாய் சோப்பை எடுத்து முகம், கை, வாய் என்று தேய்ப்பார். வாசனை போய்விடும் என்று நினைப்பு. சாராயமும் லைஃப்பாயும் கலந்த வாசனைதான் வீட்டுக்குள் முதலில் நுழையும். அவர் அப்புறம் நுழைவார்.

அடித்ததில்லை என்று சொல்ல ஆசைதான். சில நாள் அடித்தார். பல நாள் வாந்தி எடுத்துவிட்டு அங்கேயே படுத்துவிடுவார். அப்போது அம்மா எழுந்து லாந்தரைப் பெரிதாக்கி, வாளித் தண்ணீரில் கருப்பு ஃபினாயிலை ஊற்றுவாள். கருப்பாக விழுந்து பாலாக வெளுக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தென்னந்துடைப்பம் தரையைத் தேய்க்கும் சத்தம். அந்தச் சத்தம் நின்று, ஃபினாயில் வாசனை பரவினால், இன்றைக்கு எல்லாம் முடிந்தது, இனித் தூங்கலாம் என்று அர்த்தம்.

1989-ல் அப்பா போனார். ஈரல்.

அந்தப் பச்சை பாட்டிலை முகர்ந்தபோது மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன், உண்மை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அது போகவில்லை. டிங்ச்சர் இல்லை இது, வேறு ஏதோ, எனக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ என்று மூளை குடைந்தது. நடுராத்திரியில் பிடிபட்டது. லைஃப்பாய். ஃபினாயில். எங்கள் வீட்டில் குடிக்குப் பின்னால் வந்த வாசனை, இந்தக் கிளாஸில் குடிக்குள்ளேயே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நானாகவே சொல்தா வீட்டு மாடிப்படி ஏறினேன்.

இது மனப்பிரமை இல்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பீட் என்பது சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் செத்து, முழுதாக மக்காமல் ஒன்றின்மேல் ஒன்று அமுங்கிக் கிடக்கும் கரிய மண். வருஷத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் ஆயிரம் வருஷம். மரம் அதிகமில்லாத ஐலா தீவில் காலங்காலமாக அதுதான் அடுப்பெரிக்க உதவியது. பார்லியை ஊறவைத்து முளைகட்டி, அந்த முளையை உலர்த்த பீட் மூட்டிப் புகை போடுகிறார்கள். புகையிலிருக்கும் ஃபீனால், கிரெசால், குவாயகால் வகையறாக்கள் தானியத்தின் உமியில் ஒட்டிக்கொள்கின்றன. நொதிக்கவைத்துக் காய்ச்சி வடித்து, வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் போட்டாலும் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. எவ்வளவு புகை என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: முளைத்த தானியத்தில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு ஃபீனால் என்று. லாகாவூலினுக்குச் சுமார் 35, ஆர்ட்பெக்குக்குச் சுமார் 55. அதே தீவில் ஆக்டோமோர் என்றொரு முரட்டு ரகம். அதன் ஒரு பதிப்பில் 309 வரை போனார்கள். அதைக் குடித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. சந்தித்தால் கும்பிடுவேன்.

கருப்பு ஃபினாயில் என்ன? நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த அதே ஃபீனால், கிரெசால் குடும்பம். பழைய லைஃப்பாய் என்ன? கார்பாலிக் சோப்பு. கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனாலின் இன்னொரு பெயர். (2002-ல் கம்பெனி சோப்பை மாற்றியபோது அந்த வாசனையையும் மாற்றிவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு நான் சொல்வது புரியாது.) ஆஸ்பத்திரி வாசனைக்கும் ஸ்காட்லாந்து தொடர்பு உண்டு. 1865-ல் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு உடைந்த 11 வயதுப் பையனின் காயத்துக்கு ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை, பையன் பிழைத்தான். அதற்குப் பிறகுதான் உலகத்து ஆஸ்பத்திரிகளெல்லாம் அப்படி மணக்க ஆரம்பித்தன. ஆக, என் மூக்கு பொய் சொல்லவில்லை.

பீட்டும் நமக்கு அந்நியமில்லை. நீலகிரியின் உச்சிச் சதுப்புகளில் இருக்கிறது. அதைத் துளையிட்டு எடுத்து, கடந்த 20,000 வருஷத்துப் பருவநிலையைப் படித்து, ராமன் சுகுமாரும் அவர் சகாக்களும் 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பீட் இன்னும் கோடிக்கணக்கான வருஷம் அமுங்கினால் லிக்னைட், நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. எங்கள் பாகூர்ப் பக்கத்திலேயே 1880-களில் பிரெஞ்சுக்காரர்கள் மண்ணைத் துளைத்தபோது லிக்னைட் அகப்பட்டது. சொல்தாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நாம ஒரு விஸ்கி கம்பெனி ஆரம்பிக்கலாமா?" என்றார். நாய் குரைத்தது.

இரண்டாவது தடவை நாக்கில் ஒரு சொட்டு வைத்தேன். எரிச்சல், சாம்பல், உப்பு. மூன்றாவது தடவை, அந்தச் சாம்பலுக்குப் பின்னால் ஒரு இனிப்பு இருப்பது தெரிந்தது. சுட்ட கத்திரிக்காய்த் தோல், மழை பெய்து அடுப்படிக்குள் புகை சூழ்ந்த நாள், சாம்பிராணி போட்ட தலைமுடி, கருவாடு காயும் கடற்கரை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. எப்போது பிடிக்க ஆரம்பித்தது என்று தேதி சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை சொல்தா ஊரில் இல்லை. அன்று சாயங்காலம் எதையோ தொலைத்தது மாதிரி இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, பிடித்துவிட்டது என்று.

இங்கேதான் சிக்கல். ஒரு பொருள் முதலில் குமட்டுகிறது. பழகுகிறோம். பிறகு அதுவே வேண்டும் என்கிறது மனசு. அப்படியென்றால் அந்த விருப்பம் என்னுடையதா, பழக்கம் என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதா? பாகற்காயை எந்தக் குழந்தையும் விரும்பியதில்லை. சிக்கரி போட்ட காபியின் முதல் வாய் கசப்புதான். நாற்பது வயதில் இரண்டும் இல்லாமல் முடியவில்லை. பாகற்காய் ரசிகனை யாரும் சந்தேகப்படுவதில்லை. பழகியது மது என்றால் மட்டும் கேள்வி வருகிறது. வரத்தான் வேண்டும். பாகற்காய் சாப்பிட்டுவிட்டு யாரும் பெண்டாட்டியை அடிப்பதில்லை.

டேவிட் ஹியூம் என்ற தத்துவவாதி ரசனை பற்றி 1757-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், பாருங்கள். டான் கிஹோத்தே நாவலில் சாங்கோ சொல்லும் கதையை எடுத்துக்காட்டுகிறார். சாங்கோவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் மதுவைக் கொடுத்துக் கருத்துக் கேட்கிறார்கள். ஒருவர், நல்ல மதுதான், லேசாகத் தோல் வாடை என்கிறார். மற்றவர், நல்ல மதுதான், லேசாக இரும்பு ருசி என்கிறார். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் பார்த்தால், அடியில் தோல் வார் கட்டிய ஒரு பழைய சாவி. ருசி என்பது வெறும் 'எனக்குப் பிடிச்சிருக்கு' சமாசாரம் இல்லை; பீப்பாய்க்குள் நிஜமாகவே ஒரு சாவி இருக்கிறது, கூர்மையான நாக்கு அதைக் கண்டுபிடிக்கிறது என்பது ஹியூம் கட்சி.

இந்தக் கதையைப் படித்ததும் எனக்கு ஒரே குஷி. என் கட்சிக்கு வக்கீல் கிடைத்துவிட்டார். நான் குடிக்கவில்லை ஐயா, சாவி தேடுகிறேன்! அப்பா குடித்தார், நான் ருசிக்கிறேன். அவருடையது போதை, என்னுடையது ரசனை. வாரம் ஒரு நாள், ஒரு விரல்கடை, ஐந்து சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இந்த வாதத்தை நான் சுமார் ஒரு வருஷம் நம்பினேன். புத்தகங்கள் வாங்கினேன். பெங்களூர் அம்ருத் நிறுவனம் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை கிளாஸ்கோவிலேயே போய் அறிமுகப்படுத்தியதையும், அவர்களுடைய ஃப்யூஷன் ரகத்தில் ஸ்காட்லாந்தின் புகை போட்ட பார்லியும் இந்திய பார்லியும் கலந்திருப்பதையும், அதை 2010 விஸ்கி பைபிள் நூலில் ஜிம் மர்ரி உலகின் மூன்றாவது இடத்தில் வைத்ததையும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெங்களூர் வெயிலில் பீப்பாயிலிருந்து ஆவியாகும் அளவு ஸ்காட்லாந்தைப் போலப் பல மடங்கு என்று ஒரு கல்யாணப் பந்தியில் விளக்கியபோது, பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

வாதத்தை உடைத்தவர் அப்பாவின் மில் சிநேகிதர் ஒருவர். எண்பதைத் தாண்டியவர். துக்க வீடொன்றில் பார்த்தேன். அப்பா பேச்சு வந்தது.

"உங்கப்பா மாதிரி சரக்கு தெரிஞ்ச ஆளு கெடையாதுப்பா. கிளாஸை வாங்கினா நேரா வாயில ஊத்த மாட்டாரு. மூக்குகிட்ட வச்சு, கண்ணை மூடி, ஒரு இழுப்பு. 'இது நேத்து வந்த கேனு, இன்னிக்கு வேணாம்'பாரு. கடைக்காரனே அவரைத்தான் மோந்து பார்க்கச் சொல்வான். தொட்டுக்கக் கருவாடு சுட்டுத்தான் வேணும், வறுத்தா தொட மாட்டாரு."

நான் பதில் பேசவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றேன். சுட்ட கருவாடு. கண்ணை மூடி ஒரு இழுப்பு. அப்படியென்றால் இந்த மூக்கு எனக்கு எங்கிருந்து வந்தது?

அப்பாவுக்கும் ரசனை இருந்திருக்கிறது. அது அவரைக் காப்பாற்றவில்லை. எங்களையும் காப்பாற்றவில்லை. ரசனை ஒரு வேலி, அதற்குள் நிற்பவன் விழமாட்டான் என்று நான் கட்டியிருந்த கோட்டை துக்க வீட்டு வாசலிலேயே சரிந்தது. முதல் கிளாஸில் சாவியைக் கண்டுபிடிக்கிற ஆள்தான் ஏழாவது கிளாஸில் வாந்தி எடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஊர் பேசுவது வேறு மாதிரி காதில் விழ ஆரம்பித்தது. ஏசி அறையில் ஒருவர் கிளாஸைச் சுழற்றினால் 'கனாய்ஸர்'. சாராயக்கடைப் பெஞ்சில் ஒருவர் அதையே செய்தால் 'குடிகாரன்'. நான் எழுதினால் கட்டுரை. அப்பா சொல்லியிருந்தால் உளறல். தமிழ்நாடு 1987-ல் சாராயத்தையும் கள்ளையும் நிறுத்தியது, பிராந்தியையும் விஸ்கியையும் தொடவில்லை. 2003-லிருந்து அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. எங்கள் ஊரில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் இன்றும் ஏலம் எடுத்து நடக்கின்றன. எது குற்றம், எது வருமானம், எது நாகரிகம் என்பது பாட்டிலின் விலையையும் எல்லைக்கோட்டையும் பொறுத்து மாறுகிறது. கோரிமேட்டில் ரோட்டைக் கடந்தால் ஒழுக்கமே வேறு.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பம். 2024 ஜூன் கள்ளக்குறிச்சி கருணாபுரம். இரண்டிலும் மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் நிவாரணம் என்று அறிவித்ததும், "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பணம்?" என்று பலர் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் என்னோடு உட்கார்ந்து லஃப்ராய்க் ருசித்தவர்கள். நானும் ஒரு கணம் தலையாட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மெத்தனாலை மூக்காலோ நாக்காலோ பிரித்தறிய முடியாது. எங்கப்பா மூக்காலும் முடியாது. செத்தவர்களுக்கும் எனக்கும் இடையில் இருந்த வித்தியாசம் விவேகமல்ல, பாட்டில் வாங்கக் காசு.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். புலால் மறுத்தல் அறத்துப்பாலில் இருக்கிறது. கள்ளுண்ணாமை பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில். 93-ஆவது அதிகாரம். மானம், மதிப்பு, கைப்பொருள், பெற்ற தாயின் முகம் என்று உலகக் கணக்காகப் போகிறது பேச்சு. அதே மனிதர் காமத்துப்பாலில் காதலின் இனிமையைச் சொல்லக் கள்ளைத்தான் அளவுகோலாக எடுக்கிறார், அதுவும் ஒரு தடவைக்கு மேல். கள்ளின் மகிழ்ச்சி இன்னதென்று தெரியாதவர் அப்படி எழுத முடியுமா என்று சொல்தாவிடம் கேட்டேன். "அவர் கடையில யாராச்சும் சொல்லியிருப்பாங்க" என்றார்.

அவ்வை வேறு கட்சி. எங்கள் சாரத்தில் அவ்வைத் திடல் என்றே ஒரு இடம் உண்டு. எந்த அவ்வை என்று கேட்காதீர்கள், தமிழில் அவ்வைகள் பலர். சங்கத்து அவ்வை, அதியமான் செத்தபோது அழுகிற பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களோடு சேர்ந்து குடிப்பான் என்று சொல்லி அழுகிறாள். குடித்தான், குடிக்கவில்லை என்பது அங்கே பேச்சில்லை. கொஞ்சமாக இருந்தபோது யாருக்குக் கொடுத்தான் என்பதுதான் பேச்சு. அதே புறநானூற்றில் யவனர் கொண்டுவந்த மதுவும் வருகிறது. சொல்தா வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணி தூரத்தில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக்கடல் மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளை எடுத்தார். ஃபாரின் சரக்கு எங்கள் ஊருக்கு வந்து இரண்டாயிரம் வருஷமாகிறது. இதில் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தீர்மானமில்லை.

அப்பா பாட்டுக்கு வந்தால், அவர் பெஞ்சில் கிளாஸைப் பகிர்ந்தாரோ என்னவோ. வீட்டில் பகிர்ந்தது வாசனையை மட்டும்தான். சம்பள நாளில் வந்த கவரில் அம்மாவுக்குக் கிடைத்தது மிச்சம். இதற்கு எந்த ரசனையும் பதில் சொல்லாது.

உடம்புக் கணக்கும் இருக்கிறது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: எந்த அளவு மதுவும் பாதுகாப்பான அளவு அல்ல என்று. ஒரு விரல்கடையும் விதிவிலக்கில்லை. பீட்டின் கணக்கு இன்னொன்று. பூமியின் நிலப்பரப்பில் மூன்று சதவீதம்தான் இந்தச் சதுப்புகள். உலகத்துக் காடுகள் எல்லாம் சேர்ந்து பிடித்து வைத்திருப்பதைவிட அதிகக் கரி அவற்றில் இருக்கிறது. விஸ்கிக்காக வெட்டுவது தோட்டக்கலைக்கு வெட்டுவதைவிட ரொம்பக் கம்மிதான். ஆனாலும் என் நாக்கின் ஒரு நிமிஷத்துக்காக ஒரு விரற்கடை மண், சோழர் காலத்து மண், புகையாகப் போகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டும் கிளாஸை நீட்டுகிறேன். தெரியாமல் செய்தால் அறியாமை. தெரிந்து செய்வதற்கு என்ன பெயர் வைப்பது?

கோவிட் காலம் முடிந்த பிறகு சொல்தா பாரிஸுக்கே போய்விட்டார். முட்டி வலி, மகளோடு இருக்கலாம் என்று. நாயையும் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு அங்கே பாஷைப் பிரச்னை இருக்காது. கிளம்புகிற அன்று, முக்கால் பாட்டில் லஃப்ராய்க்கை ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். அதுவரை என் வீட்டுக்குள் மது வந்ததில்லை. ரசனையெல்லாம் அடுத்த வீட்டு மாடியில்தான்.

என் வீட்டில் அம்மா இருக்கிறாள். 82 வயது. கண் மங்கல், காது பாதி. மூக்கு மட்டும் பழைய மூக்கு.

பாட்டிலைப் புத்தக அலமாரியில், அகராதிகளுக்குப் பின்னால் வைத்தேன். அம்மா தூங்கிய பிறகு, சனிக்கிழமை ராத்திரி, கதவைச் சாத்திக்கொண்டு. 58 வயதில் மகன் இப்படி ஒளிந்து குடித்தது அந்த விஸ்கிக்கு நேர்ந்த அவமானம். ருசியும் குறைந்துபோனது. மாடியில் கிடைத்த கருவாடும் சாம்பிராணியும் வரவில்லை. வெறும் எரிச்சல். குடித்து முடித்ததும் கிளாஸைக் கழுவி, பல் தேய்த்து, சோப்புப் போட்டு முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்த்தபோது கை நின்றது. இதே கிணற்றடி. கிணறுதான் மூடியாகிவிட்டது.

மூன்றாவது சனிக்கிழமை. நான் அறையிலிருந்து வெளியே வந்தேன். இருட்டில் கட்டிலிலிருந்து அம்மா குரல்.

"டேய், வீடு கழுவுனியா?"

"இல்லம்மா."

"ஃபினாயில் வாசனை வருது."

என்னால் 'ஆமாம்' என்று சொல்லியிருக்க முடியும். பக்கெட்டை ஒரு தடவை நகர்த்தியிருந்தால் போதும். அவள் நம்பியிருப்பாள், அல்லது நம்புகிற மாதிரி படுத்திருப்பாள், நாங்கள் அந்தக் காலத்தில் தூங்கின மாதிரி.

விளக்கைப் போட்டேன். பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினேன். எத்தனை வருஷமாக, எங்கே, எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஹியூம் கதையைச் சொல்லவில்லை. அம்மா பாட்டிலை வாங்கி மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

"இதைப் போயா காசு குடுத்து வாங்குறாங்க?"

"ஆமாம்மா."

"எவ்ளோ குடிப்ப?"

"ஒண்ணு. வாரத்துக்கு ஒண்ணு."

"உங்கப்பாவும் ஒண்ணுன்னுதான் சொல்வாரு."

இதற்கு நான் என்ன சொல்ல? அவர் வேறு, நான் வேறு என்றா? அப்பாவும் அவர் அப்பாவைப் பற்றி அதையேதான் சொல்லியிருப்பார். அம்மாவும் பதிலை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே தன் டிரங்குப் பெட்டிக்குப் போனாள். பிரஷர் மாத்திரை, தைலம், அப்பாவின் மில் அடையாள அட்டை எல்லாம் இருக்கிற பெட்டி. பாட்டிலை அதற்குள் படுக்கவைக்கப் பார்த்தாள், நான் நிறுத்திவைத்துக் கொடுத்தேன். மூடிப் பூட்டினாள்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் நான் கேட்க வேண்டும். அம்மா பெட்டியைத் திறந்து, தன் இருமல் மருந்து மூடியில் அளந்து ஊற்றித் தருவாள். ஊற்றும்போது மூக்கைச் சுளிப்பாள். நான் அவள் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்து குடிக்கிறேன். கருவாட்டு மணம் திரும்ப வந்துவிட்டது. சில சனிக்கிழமைகளில், "இன்னிக்கு வேணாம்" என்கிறாள். ஏன் என்று நான் கேட்பதில்லை. சாவி அவள் முந்தானையில் முடிந்திருக்கிறது.